கராஜ் ஜன்னலின் இடைவெளி

நெருப்பு விஷயத்தில் நான் எப்போதும் கவனமானவள். தங்கச்சி, பொலிஸ்காரருக்கு மொழிபெயர்க்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவிலுள்ள எங்கள் வீட்டுக் கராஜில்தான் என் கணவர் அருளானந்தன் தச்சு வேலை செய்வார். பனிக்காலத்தில் பசை இறுகாது என்று மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்று வாங்கி வந்தார். மரத்தூளை நானே கூட்டி அள்ளினேன். வார்னிஷ் தகரப் பேணிகளைத் தூரத் தள்ளி வைத்தேன். ஜன்னலை விரலளவு திறந்து கட்டை கொடுத்தேன். காற்று வராவிட்டால் மணமில்லாத நச்சு வாயு சேர்ந்து ஆளை உறங்க வைத்துவிடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார்.

"நீர் இருக்கேக்கை எனக்கென்ன பயம்," என்பார்.

அவர் செய்தது ஒரு வாசல் கதவு. போன வருடம் சமாதான ஒப்பந்தம் வந்ததும் மன்னாரில் இடிந்து கிடந்த எங்கள் வீட்டை ஆள் வைத்துத் திருத்தத் தொடங்கியிருந்தார். அங்கே மரமே இல்லாதது போல, ஒஸ்லோவிலிருந்து கதவு கப்பலேற வேண்டுமாம். கதவு முடிந்ததும் தானும் போய் அங்கேயே இருந்துவிடப் போவதாகச் சொன்னார்.

"சண்டை திரும்பவும் வரும். போகாதேங்கோ," என்று கெஞ்சினேன்.

"இனி வராதப்பா."

முந்திய சண்டைக் காலத்தில் என் தம்பி றஜீவும் சந்தைக்குப் போய்வருகிறேன் என்றுதான் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. இறந்தவர்களுக்கான பூசையை அவனுக்கு ஒப்புக்கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமலே அம்மா கண்ணை மூடினார். அந்தக் கதவில் ஒவ்வொரு பலகை ஏறும்போதும், அவர் புறப்பட இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, கடைசிச் சட்டத்தை ஒட்டக் குனிந்திருந்தார். தேநீர் கொண்டுபோனேன்.

"குளிருதே? ஜன்னலைச் சாத்தட்டோ?"

"உமக்குத்தானே தெரியும்," என்றார், நிமிராமலே.

கட்டையை எடுத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். வெளியே வந்து, கராஜ் கதவின் கீழ் இடுக்கில் பழைய போர்வையைச் செருகினேன். பிறகு சமையலறையில் இருந்து கராஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருந்தது, இடையில் எழுந்து வந்துவிடுவாரோ என்று.

நெருப்புப் பிடிக்கவில்லை. உடம்பில் ஒரு கீறல் இல்லை. இங்கேயே அடக்கம் செய்தோம், பூசையும் ஒப்புக்கொடுத்தேன். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி கொளுத்த எனக்கு ஓர் இடம் இருக்கிறது.

இனி அவருக்கு ஒன்றும் நடக்காது, தங்கச்சி.