மன்னிப்பும் அமோனியாவும்

மனுரேவாவுக்குப் போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள், வேலை உடுப்போடு.

"கிட்னி மாத்தி ஆறாம் நாள் என்ரை மனுசன், என்ரை அம்மாவைப் பேசினதுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டவர்," என்றாள் ஒருத்தி. "உடனை நேர்ஸைக் கூப்பிட்டு, இவருக்கு மூளையிலை ஏதோ பிழை எண்டு சொன்னன்."

"அவ என்ன சொன்னவ?"

"பெயர், கிழமை எல்லாம் சரியாச் சொல்லுறாராம். நல்ல அமைதியான நோயாளியாம். நான் விடேல்லை. இரத்தம் எடுத்துப் பாத்தால், நாங்கள் வேலையிலை ஃபக்டரி கழுவுற அதே அமோனியா, இவரின்ரை இரத்தத்திலை ஏறி மூளையைக் குழப்பிப்போட்டுதாம். விட்டிருந்தால் கோமாவாம்."

"ஐயோ. இப்ப?"

"இறங்கீட்டுது. இண்டைக்குக் காலமை நான் கொண்டுபோன தேத்தண்ணி ஆறிப்போச்செண்டு ஏசினவர். அம்மாவையும் சேர்த்து."

"அப்ப சுகம்தான்."

"ஓம். நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டு நேர்ஸைக் கூப்பிட்டிட்டன்."