ஒரு சொட்டும் ஒழுகாத தொட்டி

ஷாரன், உன் அப்பாவின் மீன் தொட்டியை நீ தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம். சனிக்கிழமை லாரி கொண்டு வருகிறேன் என்றாய். அதற்குள் துடைத்து வைத்துவிடுகிறேன். அதில் மீன் மட்டும் விடாதே. ஏன் என்று போனில் கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். அத்தைக்கு அறுபத்திரண்டு வயதாகிறது, இனிமேல் பேச்சை மாற்றவும் தெம்பு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தொட்டி செகண்ட் ஹேண்ட்தான், உனக்குத் தெரியும். உன் அப்பா, என் லாசரஸ் அண்ணன், பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷம் ஆனபோது, பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வையுங்கள் என்று தெரப்பிஸ்ட் சொன்னார். கேலாங்கில் நூர்தீன் என்பவர் வீட்டில் சும்மா கிடந்ததை வாங்கி வந்தேன். மூலைகளில் கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோன் பசை மஞ்சளாகி, அங்கங்கே விட்டுப்போயிருந்தது. அவர் நல்ல மனிதர், லிஃப்ட் வரை வந்து சொல்லிக்கொடுத்தார்.

"பழச பிளேடால சுரண்டி எடுத்துடுங்க. வினிகர் போட்டுத் துடைங்க, சோப்பு வேணாம். மீன் தொட்டிக்குன்னே விக்கிற டியூப்தான் வாங்கணும். பாத்ரூமுக்கு அடிக்கிறதுல பூஞ்சைக்கு மருந்து கலந்திருக்கும், மீனெல்லாம் செத்துடும்லா."

அவர் சொன்னபடியே செய்தேன். இரண்டு நாள் சுரண்டினேன், நகமெல்லாம் போயிற்று. வாங்கி வந்த டியூபை அண்ணனின் சாமான் பெட்டியிலிருந்த சிலிக்கோன் அடிக்கும் கன்னில் மாட்டி நாலு மூலையும் அடித்தேன். முப்பது வருஷம் ஊரார் பாத்ரூமுக்கெல்லாம் சிலிக்கோன் அடித்த மனிதர், கட்டிலில் படுத்தபடி என் கோணல் கோடுகளைப் பார்த்து ஒரு பக்கத்து வாயால் சிரித்தார். ஒரு வாரம் காயவிட்டு, தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து மூன்று நாள் பார்த்தேன். ஈரமே இல்லை. ஆறு கப்பி மீன்கள் விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீயே பார்த்தாய். மூன்று வாய்க்கு மேல் கஞ்சி வாங்காதவர் கிண்ணத்தைக் காலி செய்தார். கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டி என்னைக் கூப்பிடுவதும் குறைந்தது. ஒரு நாள் "மீன்" என்றார். நீ அழுதாய். அப்புறம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாய்: "அத்தை, இப்படியே போனா அப்பா இன்னும் பத்து வருஷம் தாராளமா இருப்பாராம். எல்லாம் உங்களாலதான்."

பத்து வருஷம். அன்று முழுக்க அது ஒன்றுதான் மனதில் ஓடியது. உன்மேல் கோபமில்லை, உனக்கு வேலை, பிள்ளைகள், சிராங்கூனிலிருந்து இங்கே பூன் லே வரவே ஒரு மணி நேரம். மாதம் ஒரு முறை வந்தாய், பழம் வாங்கி வந்தாய். அண்ணன்மேலும் கோபமில்லை. அலுப்புதான். எழுந்ததும் அலுப்பு, டயாபர் மாற்றும்போது அலுப்பு, ஜெபமாலை சொல்லும்போதுகூட அலுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேக்கா மார்க்கெட்டில் ஒரு தோசை சாப்பிட்டு, யாரும் தட்டிக் கூப்பிடாத வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பெரிய ஆசையா, நீயே சொல்.

அடுத்த வாரம் தொட்டி ஒழுகுகிறது என்றேன். ஒழுகவில்லை. மீன்களை வாளிக்கு மாற்றி, எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தேன். இந்த முறை வேறு டியூப்.

தண்ணீர் விட்ட பிறகு மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. முதல் மீனுக்கு அண்ணன் கரண்டியை வைத்து விடாமல் தட்டினார். ஆறும் போனதும் புதிதாக ஆறு வாங்கி விட்டேன். அப்புறம் இன்னொரு ஆறு. தொட்டி காலியாக இருந்தால் மனிதர் பழகிக்கொள்வார். அதனால் காலியாக விடவில்லை.

மூன்றாவது தடவை அவர் தட்டவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். படுக்கைப் புண் வராமலிருக்க அடிக்கடி திருப்பிப் போடச் சொல்லியிருந்தாள் நர்ஸ், நானும் தொட்டிப் பக்கமாகத் திருப்பிப் போட்டேன். கஞ்சி மறுபடி மூன்று வாயாயிற்று, அப்புறம் அதுவும் இல்லை. வேளை தவறாமல் கொண்டுபோய் நீட்டினேன், கட்டாயப்படுத்தவில்லை. சாப்பாட்டில் எதையும் கலக்கவில்லை, மாத்திரையை நிறுத்தவில்லை. இந்தக் கடிதத்தை நீ போலீசிடம் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. மீன் செத்ததற்கு என்ன கேஸ் போடுவது என்று கேட்பார்கள்.

கடைசிவரை அவருக்கு "மீன்" என்ற ஒரு வார்த்தைதான் வந்தது என்று அடக்கத்தன்று உன்னிடம் சொன்னேன். அது பொய். இரண்டாம் முறையும் தொட்டியைக் கட்டிலுக்கு எதிரே வைத்துத்தான் அடித்தேன். டியூபின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படிக்க வேண்டியதில்லை. முப்பது வருஷம் அவர் கையில் இருந்த டியூப் அது. படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அன்றுதான் என் பேரைச் சொன்னார்.

"அமலா, வேணாம்மா."

திருத்தமாகக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முறை கோடெல்லாம் நேராக வந்தது, நீயே தடவிப் பார். ஒரு சொட்டும் ஒழுகாது. செடி வை, கூழாங்கல் போட்டு வை, அப்பாவின் படத்தை வை. மீன் மட்டும் வேண்டாம். வாயில்லா ஜீவன், பாவம்.