காற்று அளக்கும் இயந்திரத்தின் மேல் போட்ட துணி

கரி பறக்கும் எங்கள் தெருவின் காற்று சுத்தமானது என்று பொய்யாக அளந்து எழுதி, அதைக் காட்டி நிலக்கரிக் கிடங்கை எங்கள் வீடுகளுக்கு அறுபது அடி வரை கொண்டுவரப் பார்க்கிறார்கள். அந்தப் பொய் அளவு உண்டாக என் மனைவியின் கை உதவியது. குற்றம் இதுதான்.

இதைச் சொல்லும் என் பெயர் மண்ணாங்கட்டி, த/பெ பெரியான், வயது 67, பழைய உப்பளத் தெரு, எண்ணூர். பெரம்பூர் ரயில் பட்டறையில் பளு தூக்கும் கலாசியாக இருந்து ஓய்வு பெற்றேன். பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. சட்டப் புத்தகங்களை நானாகப் படித்தேன். பட்டறையில் இடது முழங்கால் நசுங்கியதால் ஏணி ஏற முடியாது.

எங்கள் தெருவுக்குக் கிழக்கே தனியார் நிலக்கரிக் கிடங்கு ஒன்று உள்ளது. அதைப் பெரிதாக்குவதற்கு முன் சுற்றுப்புறக் காற்றை அளந்து, மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குடியிருப்புக்குள் அளக்க வேண்டும் என்று பதினோரு மனு போட்டேன். அதன் பிறகு, 2004 தை மாதம், கிடங்குக்காரர்கள் அமர்த்திய தனியார் ஆய்வுக்கூடத்தார் என் வீட்டு மொட்டை மாடியில் இயந்திரத்தை வைத்தார்கள். அது காற்றை இழுத்து, ஒரு வெள்ளைத் தாளில் தூசியைப் படிய வைக்கும். தாளை எடை போட்டு அளவு சொல்வார்கள். வாரம் இரண்டு நாளாகப் பன்னிரண்டு வாரம் ஓடியது. தாள் மாற்ற ஆய்வுக்கூடத்து ஊழியர் திருமுருகன் வருவார். நான் ஒரு நாளும் மாடி ஏறவில்லை.

அதன் பிறகு ஆனி மாதம் அறிக்கை வந்தது. குடியிருப்புக்கு அரசு வகுத்த உச்சவரம்பு 100, எங்கள் தெருவின் அளவு 62 என்று இருந்தது. ஆவணியில் கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து, இது பொய் என்றேன். கிடங்கு மேலாளர் வெள்ளத்துரை ஒலிபெருக்கியில், “பெரியவரே, அளந்தது உங்க வீட்டு மாடியிலதானே?” என்றார். எங்கள் தெரு ஆட்களே சிரித்தார்கள். “நைனா வூட்டு மாடில மட்டும் ஊட்டி காத்து அடிச்சிகினு கீது” என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து, இயந்திரத்தை யாராவது தொட்டார்களா என்று என் மனைவி சொக்கம்மாளிடம், வயது 61, கேட்டேன். அவள் மறைக்கவில்லை. “நான்தான்யா மூடி வெச்சேன். கவருமெண்டு மிஷினு, கரி பட்டா கலீஜாயிடாதா?” என்றாள். எங்கள் தெருவில் எதையும் திறந்து வைப்பதில்லை. குடம், சோற்றுப் பானை, தூளியில் கிடக்கும் குழந்தை, எல்லாவற்றின் மேலும் ஈரத்துணி கிடக்கும். அதே வழக்கத்தில், பழைய புடவையை நான்காக மடித்து நனைத்துப் பிழிந்து, காற்று உள்ளே போகும் பாகத்தின் மேல் காலையும் மாலையும் போட்டிருக்கிறாள். அலசினால் தண்ணீர் கறுப்பாகப் போகும் என்று பெருமையாகச் சொன்னாள்.

திருமுருகன் பார்க்கவில்லையா என்று கேட்டேன். முதல் நாளே பார்த்தார் என்றாள். மூடலாமா என்று இவள் கேட்டதற்கு, “நல்லா மூடுங்கம்மா, மிஷினுக்கும் சளி பிடிக்குமில்ல” என்று சிரித்தாராம். ஒவ்வொரு முறையும் துணியை எடுத்து, தாளை மாற்றி, துணியைத் திரும்பப் போட்டு, பறக்காமல் இருக்கச் சணல் கயிற்றால் அவரே கட்டியிருக்கிறார். புடவையையும் கயிற்றையும் இந்தக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துள்ளேன்.

அதன் பிறகு கூட்டத்தை நடத்திய அதிகாரியிடம் போனேன். வாய்ச்சொல்லை வைத்து அறிக்கையைத் தள்ள முடியாது, இயந்திரத்தில் கை வைத்ததாக வழக்குப் பதிவானால்தான் மறுபடி அளக்கச் சொல்ல முடியும் என்றார். வெளியே நின்ற வெள்ளத்துரை, “கேஸ் போட்டா ஏ-ஒன் உங்க வீட்டம்மாதான். யோசிச்சுப் பண்ணுங்க” என்றார். துணி போட்டது யார் என்று நான் அதிகாரியிடமும் அவரிடமும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் சொக்கம்மாள், திருமுருகன் இருவர் மீதும் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தேன்.

புகார் நகலை அவளுக்குப் படித்துக் காட்டினேன். “நான் இன்னாய்யா தப்பு பண்ணேன்?” என்றாள். அதைச் சொல்ல வேண்டியது கோர்ட், நான் இல்லை என்றேன். “வல்லரசு இருந்தா உன்ன வுட்டுருப்பானா?” என்றாள். வல்லரசு எங்கள் ஒரே மகன். அந்தக் கிடங்கில் கரி அள்ளி, முப்பத்து நான்கு வயதில் நுரையீரல் கெட்டு இறந்தவன். அவன் இருந்தால் இந்த வழக்கே தேவையில்லை என்றேன். பக்கத்து வீட்டுப் பூவம்மா வாசலில் நின்று, “கட்னவள கம்பி எண்ண அனுப்பறியே, நீ இன்னா மன்ஷன்யா? உன்கு அந்தக் கரியே தேவலாம்” என்றாள்.

அன்று முதல் சொக்கம்மாள் வீட்டில் எதையும் மூடுவதில்லை. சோற்றில் கரி கிடக்கிறது. நான் சாப்பிடுகிறேன்.

இதை எழுதும்போது, வீட்டம்மா பெயரை விட்டு அடையாளம் தெரியாத நபர் என்று போடலாமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். கூடாது என்றேன். ஆள் இல்லாத வழக்கை ஒரே மாதத்தில் மூடிவிடுவார்கள்.

சொன்னவை நான் பார்த்தவையும் அவள் வாயால் கேட்டவையும். படித்துக் காட்டியதைக் கேட்டேன். ஒரு சொல்லையும் திருத்தச் சொல்லவில்லை. இனி நடக்க வேண்டியது: கூட்டத்தை நடத்திய அதிகாரி 62 என்ற அளவைத் தள்ளி, மறுபடி அளக்கும் வரை கிடங்குக்கு அனுமதி தராமல் நிறுத்த வேண்டும். கிடங்குக்காரர்களோடு சம்பந்தமில்லாத வேறு ஆய்வுக்கூடத்தார், வேறு வீட்டு மாடியில், தெருவார் இருவரைக் காவல் வைத்து அளக்க வேண்டும். துணியைக் கட்டியது ஏன் என்று திருமுருகனையும், போட்டது யார் என்று முன்பே தெரிந்தது எப்படி என்று வெள்ளத்துரையையும் காவல் ஆய்வாளர் விசாரிக்க வேண்டும். சொக்கம்மாளைப் பெண் காவலர் வந்து கைது செய்ய வேண்டும். அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து அலமாரியில் உள்ளது, அதையும் எடுத்துப் போக வேண்டும். ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஆடிய நாடகம் என்று அவர்கள் வக்கீல் சொல்ல அது இடம் கொடுக்கும். வேறு யாரும் முன்வராவிட்டால், காற்றை அளந்து முடிக்கும் வரை அவள் உள்ளேயே இருக்க வேண்டும்.

(ஒப்பம்) மண்ணாங்கட்டி
20.9.2004