ஸ்டாம்ப் ஒட்டிய கம்ப்யூட்டர்

"நான் கம்ப்யூட்டருக்கு ஸ்டாம்ப் ஒட்டினதே கிடையாது, ஷீலா."

தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி கிளம்பக் காத்திருந்தபோது எதிர் சீட்டிலிருந்து இந்த வாக்கியம் வந்தது. சொன்னவர், பேச்சிலிருந்து புரிந்த வரையில், ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஷீலா அங்கே அவரிடம் டைப்பிஸ்டாக இருந்தவர். இப்போது ஷீலாவின் மடியில் டேப்லெட். அதில் அவரே வரைந்த கார்ட்டூனில், ஹெட் கிளார்க் செருப்பைக் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் விட்டுவிட்டு, மானிட்டரின் நெற்றியில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சும்மா காமெடிக்கு சார்."

"செருப்பு கரெக்ட். ஸ்டாம்ப்தான் தப்பு. நான் மெயிலை பிரிண்ட் எடுத்து, கவர்ல போட்டு, கவர்மேலதான் ஒட்டுவேன்."

"மெயில்தான் ஏற்கெனவே போயிடுச்சே சார். அப்புறம் கவர் எதுக்கு?"

"போயிடுச்சுன்னு அந்தப் பொட்டிதானே சொல்லுச்சு. யாரு பாத்தா?"

பெருங்களத்தூர் தாண்டியதும் ஷீலாவின் குரல் இறங்கியது.

"இந்தப் படத்தை உங்களுக்கு மெயில்ல அனுப்பி ஒரு வாரம் ஆச்சு சார். பதிலே இல்ல. கோச்சுக்கிட்டீங்கன்னு நெனச்சு குரூப்ல கூட போடல. இன்னிக்கு உங்களப் பாத்ததும் லேடீஸ் கம்பார்ட்மெண்டுக்கு ஓடிடலாமான்னு இருந்துச்சு."

"கோவமா? எனக்கா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படம் ரொம்ப நல்லாருக்குன்னு அன்னிக்கே பதில் போட்டுட்டேனே."

ஷீலா டேப்லெட்டில் மெயிலைத் திறந்து தேட ஆரம்பித்தார்.

"அதுல ஏம்மா தேடற? போஸ்ட்மேன் இன்னும் வரலையா?"