மெஷின் உள்ளேதான் இருக்கணும்

முத்துக்கனி: வாஷிங் மெஷினா? கீழ மோட்டார் ரூம்ல கெடக்கே மக்கா. குடியிருக்க மூணு வீட்டுக்கும் அதுதான்.

ஜாஸ்மி: அது வேண்டாம்க்கா. எனக்க மெஷின நான் கொண்டு வருவேன். இந்த மாடி வீட்டுக்குள்ளயே வைக்கணும்.

முத்துக்கனி: உள்ள எங்க வைப்ப... தலையிலயா?

ஜாஸ்மி: பாத்ரூம் பக்கத்துல, இந்த மூலையில. பைப்பு இருக்கு, தண்ணி போக வழியும் இருக்கு. அளந்தாச்சு.

முத்துக்கனி: அளந்தியா? எப்ப?

ஜாஸ்மி: நீங்க அடுக்களைக்குள்ள போனப்ப... சாண் போட்டுப் பாத்தேன்.

முத்துக்கனி: ஏட்டி, ஆளு கொள்ளாமே, கெட்டிக்காரிதான்! செரி, காயப்போட மொட்டமாடிக்கு வந்துதானே ஆகணும்?

ஜாஸ்மி: மாட்டேன். பின்பக்க பால்கனியில கம்பி இருக்கில்லா, அதுக்கு உள்ள போடுவேன். வெளிய ஒரு ஷீட்டு கெட்டணும். மழைக்கு...

முத்துக்கனி: மழைக்கா... இல்ல, பாக்கவிய கண்ணுக்கா?

ஜாஸ்மி: மழைக்குத்தான்க்கா.

முத்துக்கனி: ம்ம்... இதுக்கு முன்ன எங்கெல்லாம் பாத்த?

ஜாஸ்மி: வடசேரி, வெட்டூர்ணிமடம், கோட்டாறு... மெஷின் வைக்க எடமிருந்தா வாடகைய கேட்டு தல சுத்துது. வாடகை கொறஞ்சா கிணத்தடியில துணி அலக்கணும். ஸ்கேன் சென்டர் சம்பளத்துக்கு ஒத்துவாறது இது ஒண்ணுதான். நான் விடமாட்டேன்.

முத்துக்கனி: ஒனக்க மாப்பிள என்ன செய்யாரு?

ஜாஸ்மி: மஸ்கட்ல... ஏசி மெக்கானிக்கு.

முத்துக்கனி: லீவுக்கு?

ஜாஸ்மி: கிறிஸ்மஸுக்கு வருவாரு.

முத்துக்கனி: போன கிறிஸ்மஸுக்கு வந்தாரா?

ஜாஸ்மி: அக்கா, அட்வான்ஸ இப்பவே தரட்டா?

முத்துக்கனி: ஓடாத பிள்ளே. கேட்டதுக்கு பதில் சொல்லு.

ஜாஸ்மி: லீவு கெடைக்கலக்கா.

முத்துக்கனி: எங்க வீட்டு அவிய கண்டிப்பான ஆளாக்கும். திருவனந்தபுரத்துல வேல. குடும்பமா வாறவியளுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிருக்காவ. சனிக்கிழம வருவாவ, கேட்டுட்டு...

ஜாஸ்மி: அதுவர தாங்காது. நானே சொல்லிப்போடுதேன். மஸ்கட்ல யாரும் இல்ல. விட்டுட்டுப் போனவன் எங்க கெடக்கான்னே தெரியாது.

முத்துக்கனி: அய்யோ, மக்கா...

ஜாஸ்மி: அய்யோ சொல்லாண்டாம்க்கா. இருந்த வீட்டுல மொட்டமாடி கொடிய பாத்தே கண்டுபிடிச்சாவ. எனக்க சுடிதாரும் மகளுக்க யூனிபார்மும்தானே காயும்? ஆம்பள துணி ஒண்ணு காணலியேன்னு மொதல்ல பேச்சு. பொறவு, பைப்பு ரிப்பேரான்னு கேட்டு ஒருத்தன் கதவத் தட்டுதான். கடைசியில தப்பெல்லாம் எனக்க மேலயாம்... காலி பண்ணச் சொல்லியாச்சு.

முத்துக்கனி: அதான் மெஷினும் உள்ள, துணியும் உள்ள...

ஜாஸ்மி: ஆமா. பொய் சொன்னது தப்புதான். ஆனா எனக்கும் மகளுக்கும் இந்த வீடு வேணும். அண்ணனுக்கு போன் போட்டுத் தாருங்க, நானே பேசுதேன்.

முத்துக்கனி: அவியள்ட்ட நீ பேசி...

ஜாஸ்மி: பேசுவேன். எனக்கு பயமில்ல. இந்தா, கீழ கொடியில அவிய சட்டதானே காயுது? வாரம் தவறாம வீட்டுக்கு வாற மனுசன். சொன்னா புரியாமலா போவும்? போடுங்கக்கா போன.

முத்துக்கனி: அந்தச் சட்டைய வாரா வாரம் நான்தான் நனைச்சுப் போடுதேன் மக்கா, ஊரு பாக்கட்டும்னு. அவன் என்ன விட்டுட்டுப் போயி ரெண்டு வருசம்... யார்ட்டயும் கேக்காண்டாம். சாவியப் பிடி.