அடித்தல் திருத்தல் இல்லை

பனியில் நின்று எழுதுகிறவர்கள் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை ஈரம் பட்டதும் ஓடிவிடும். இதை முப்பத்தொரு வருடமாக எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். அப்படியும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது ஒருவர் பேனாவோடு மலையேறிவிட்டு, சாயங்காலம் நீலமாய் நனைந்த அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். நான் திட்டுவதில்லை. அடுப்பு ஓரமாக உலர்த்தி, புது அட்டையில் அழகாகப் படி எடுத்து, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். நான் சுட்டுக் கொண்டுவந்த பொத்தித்சா கேக்கையும் வெட்டிக்கொள்ளுங்கள். வால்நட் நிறையப் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை லொய்சேயின் வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது, அதற்கு முன்னால் உங்களைப் பார்த்துவிடலாம் என்று காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடித்தேன். அவர் உங்களிடம் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பிழை இருக்கிறது. நேரம் தப்பு. ஒன்பது நாற்பத்தைந்து என்று போட்டிருக்கிறார். ஒன்பது ஐம்பத்திரண்டு என்று இருக்க வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன், அதுதான் உங்களுக்கும் எழுத வசதி.

எங்கள் ஊர் போத்ஸ்கலாவில் வருடத்துக்கு ஒரு பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும். பெரிய பந்தயமில்லை. தொலைக்காட்சி வராது. ஆனால் வேகப் பந்தயம். மலைமேலிருந்து நேராகக் கீழே. நான் அதன் செயலாளர். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை, பந்தயத்தன்று இந்த வேலை. நடுவர்கள் என்ன முடிவெடுத்தாலும் நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். பாதையை எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், பாதையோரப் பாதுகாப்பு வலைகள் சரியாக இருந்தனவா, எப்போது தொடங்கியது, எங்கே நிறுத்தினார்கள், ஏன். மூன்று நடுவர்களும் அதில் கையெழுத்திடுவார்கள். அந்தத் தாள்தான் பந்தயம். மற்றதெல்லாம் மாலைக்குள் உருகிவிடும்.

பாதையோரம் வாயில் நடுவர்கள் நிற்பார்கள். நட்டுவைத்த கம்பங்களுக்கு நடுவே வீரர் சரியாகப் புகுந்து போனாரா என்று பார்ப்பது அவர்கள் வேலை. தவறிப்போனால் வீரரின் எண், வாயிலின் எண், சறுக்குத் தடம் போன விதம், மூன்றையும் அட்டையில் வரைந்து காட்ட வேண்டும். தவறே இல்லையென்றாலும் அட்டையை வெறுமனே விடக்கூடாது, குறுக்கே ஒரு கோடு. சந்தேகம் வந்தால் பலன் வீரருக்கு. இது எழுதப்பட்ட விதி.

பதினான்காம் வாயில் லொய்சேயுடையது. மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது கையில் இரண்டு விரல் கிடையாது, அதனால் அவர் அட்டை எப்போதும் கோழி கிளறியதுபோல இருக்கும். பதினொரு வருடமாக அதை நான்தான் படி எடுக்கிறேன். அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்.

"நீ எழுதினா வேதம், யெரித்சா. அதையும் நான் படிக்கிறதில்ல" என்பார்.

பதினான்காம் வாயில் வளைவில் இருக்கிறது. காலை வெயில் முதலில் விழும் இடம். அங்கே லார்ச் மரத்தில் ஒரு பழைய கம்பித் தொலைபேசி தொங்குகிறது. கைப்பிடியைச் சுற்றினால் என் அறையில் மணி அடிக்கும், நான் சுற்றினால் அங்கே அடிக்கும். வளைவில் நிற்கிறவருக்கு மேலே ஒன்றும் தெரியாது என்பதால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். முதல் ஆள் புறப்படும்போது நான் ஒரே ஒரு மணி அடிப்பேன். ஒரு மணி என்றால் ஆள் வருகிறது, ஒதுங்கு. மற்றபடி மேலே தொடங்குமிடத்துக்கும் தலைமை நடுவருக்கும் எனக்கும் வாக்கிடாக்கி உண்டு. வளைவிலிருந்து வரும் சேதியை நான்தான் மேலே சொல்ல வேண்டும்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இதனால் பொல்டேக்குச் சங்கடம் வரலாம், அவர்தான் தலைமை நடுவர், ஆனால் நல்ல மனிதர். முடிவுக் குறிப்பை நான் பந்தயத்துக்கு முந்தைய நாளே தட்டச்சு செய்துவிடுவேன். எல்லா வருடமும் ஒரே வாசகம்தானே. பாதை பார்வையிடப்பட்டது, ஒன்பது முப்பது. வலைகள் ஒழுங்காக உள்ளன. தொடக்கம், பத்து மணி. தடங்கல், இல்லை. காலையில் ரம் ஊற்றிய தேநீரோடு மூவரும் கையெழுத்திட்டுவிட்டு மேலே போவார்கள்.

இந்த முறை பந்தயத்தன்று பொல்டே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. உன் தாள்ல ஒரு கோடு விழுந்தா அன்னைக்கு மலையே சரிஞ்சிடும்டி."

"சரியட்டும். அதையும் நேரம் போட்டு எழுதிக்கறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. மறைப்பானேன். மனிதர்கள் எதையாவது ஒன்றை நன்றாகச் செய்ய வேண்டும். என் கணவர் வேறொருத்தியோடு போன அன்றுகூட அவர் சட்டைகளை நான்தான் மடித்துப் பெட்டியில் வைத்தேன். காலர் கசங்கக்கூடாது என்று. அவர் வாசலில் நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.

எட்டரை மணிக்கு வீரர்கள் எண் துணி வாங்க வந்தார்கள். நேஜாவுக்குக் குலுக்கலில் முதல் எண். பத்தொன்பது வயது, ரொட்டிக்கடை வீட்டுப் பெண்.

"அத்தை, ஒண்ணு வேண்டாமே. முதல்ல போறவளுக்குப் பாதை எப்படி இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"பட்டியல் அடிச்சாச்சு, கண்ணு."

"உங்க பட்டியலுக்கு உசிரு போற அவசரம்" என்று சிரித்தாள். தட்டிலிருந்து பொத்தித்சாவின் ஓரத் துண்டை எடுத்துக்கொண்டு போனாள். பூத்தையல் போட்ட கையுறை. ஓரத் துண்டில் வால்நட் இருக்காது, நடுத் துண்டை எடு என்று நான் சொல்லியிருக்கலாம்.

ஒன்பது நாற்பத்தைந்துக்கு முன்னோட்டமாக ஒருவர் சறுக்கிப் போனார். வலை அப்போது நிமிர்ந்துதான் நின்றது. லொய்சே இப்போது அந்த நேரத்தைத்தான் சொல்கிறார். அப்போது அவர் எதையும் பார்த்திருக்க முடியாது. அதன் பிறகுதான் வெயில் ஏறி, பனி இளகி, கம்பங்கள் ஆட ஆரம்பித்தன. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு என் அறையில் மணி அடித்தது.

"யெரித்சா, வளைவுல வலை படுத்துக்கிச்சு. மூணு கம்பம் பிடுங்கிட்டு வந்துடுச்சு. பொல்டே கிட்ட சொல்லு, ஆளை விடவேண்டாம். இருபது நிமிஷம் போதும், சுத்தியலோட ரெண்டு பேரை அனுப்பச் சொல்லு."

"சரி, சொல்றேன்."

வாக்கிடாக்கி என் வலது கைப்பக்கம் இருந்தது. தாள் எதிரே இருந்தது. மூன்று கையெழுத்தும் உலர்ந்திருந்தன. பொல்டேயின் கையெழுத்தில் கடைசி எழுத்துக்கு ஒரு வால் உண்டு, அது அன்று நன்றாக அமைந்திருந்தது. பத்து மணி என்பதை அடித்துப் பத்து இருபது என்று எழுத வேண்டும். வலைகள் ஒழுங்காக உள்ளன என்ற வரியையும். தடங்கல் இல்லை என்பதையும். மூன்று அடித்தல், ஒவ்வொன்றின் ஓரத்திலும் மூன்று சிறு கையெழுத்து. நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபமோ பயமோ எதுவும் இல்லை. துவைத்த மேசைவிரிப்பை விரித்ததும் அதன்மேல் யாரோ காப்பிக் கோப்பையைக் கொண்டுவரும்போது ஏற்படும் உணர்வு, அவ்வளவுதான். லொய்சே வருடா வருடம் வலையைப் பற்றி முணுமுணுக்கிறவர்தானே என்று நினைத்தேன். சந்தேகத்தின் பலன் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

நான் பொத்தானை அழுத்தவில்லை.

பத்து மணிக்கு நேஜா புறப்பட்டாள். ஐம்பது நொடியில் வளைவு. வலை இருந்த இடத்தில் வலை இல்லை, அதற்குப் பின்னால் மரங்கள் இருந்தன. பத்து ஒன்றுக்கு நிறுத்தினார்கள். ஹெலிகாப்டர் பத்து இருபத்தாறுக்கு வந்தது. அவசரமாய்த் திரும்பிப் போகவில்லை.

இதில் வேடிக்கை, அந்தத் தாளைக் கடைசியில் மாற்றத்தான் வேண்டியிருந்தது. புதுத் தாள் அடித்தேன். பத்து ஒன்று, பந்தயம் நிறுத்தப்பட்டது, விபத்து. அதற்கு முன் பாதையிலிருந்து தகவல் ஏதும் வரவில்லை. கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் பத்தி பாதியில் நிற்பதுபோல இருந்தது. பொல்டே அழுதுகொண்டே கையெழுத்திட்டார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை.

மதியம் லொய்சே அட்டையைக் கொண்டுவந்தார். நனைந்திருந்தது. வழக்கம்போல உலர்த்தினேன். அதில் வளைவைக் கோணல்மாணலாக வரைந்து, படுத்துக்கிடக்கும் வலையை வரைந்து, இரண்டு நேரம் குறித்திருந்தார். நான் புது அட்டை எடுத்து, வாயில் பதினான்கு, வீரர் எண் ஒன்று, வாயிலில் தவறு இல்லை என்று எழுதிக் குறுக்கே கோடு போட்டேன். வாயிலை அவள் சரியாகத்தான் கடந்தாள். லொய்சேயிடம் பேனாவை நான் எடுத்துக் கொடுத்தேன். படிக்கவில்லை. போட்டார்.

பிறகு விசாரணையில், தொலைபேசியில் என்னிடம் தகவல் சொன்னதாக லொய்சே சொன்னார். இந்தப் பெண்மணிக்கு அழைப்பு வரவில்லையே என்றார்கள். அட்டையைக் காட்டினார்கள். தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தாராம். அன்றிலிருந்து அதிகம் வெளியே வருவதில்லை. நான் வாரம் மூன்று நாள் சூப் கொண்டுபோவேன், அவர் வீட்டில் வேறு யாரும் இல்லை. மார்ச் மாதம் ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"யெரித்சா, உள்ளதைச் சொல்லு. நான் உன்கிட்ட பேசினேனா?"

"எதுக்கு அதையே நினைச்சுக்கிட்டு. சாப்பிடுங்க, ஆறிடும்."

"பேசின மாதிரிதான் இருக்கு. ஆனா நான் போட்ட கையெழுத்து பொய் சொல்லுமா? பயத்துல சும்மா நின்னுட்டு, பேசினதா நானே நினைச்சுக்கிட்டேன் போல."

"இருக்கலாம்" என்றேன். அன்று சூப்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்பதையும் ஒத்துக்கொண்டேன்.

போன வாரம் அவர் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டதாகப் பொல்டே சொன்னார். வலை விழுந்ததை ஒன்பது நாற்பத்தைந்துக்கே பார்த்தேன், சொல்லவில்லை என்று. அதை நீங்களும் அப்படியே கோப்பில் ஏற்றிவிட்டீர்கள். ஒரு அரசு ஆவணத்தில் ஏழு நிமிடத் தவறு. எனக்கு மனசு கேட்கவில்லை.

இதோ அவருடைய அசல் அட்டை. காகிதத்தை எறியும் பழக்கம் எனக்கில்லை. பென்சில் என்பதால் நன்றாகவே தெரிகிறது பாருங்கள். ஒன்பது ஐம்பத்திரண்டு, அழைத்தேன். அதன் கீழே ஒன்பது ஐம்பத்தெட்டு.

ஆமாம், இரண்டாவது அழைப்பு. அதற்கும் வருகிறேன்.

ஐம்பத்தெட்டுக்கு மறுபடி மணி அடித்தது. "சொன்னியா? யாரையும் காணோமே. நீ சொல்லலேன்னா நானே பாதை நடுவுல போய் நின்னு கையை ஆட்டறேன். மேலேருந்து பாத்தா தெரியும்."

பாதை நடுவில் ஆள் நின்றால் அதையும் எழுத வேண்டியிருக்கும்.

"சொல்லிட்டேன். நிறுத்திட்டாங்க. நீங்க அங்கயே இருங்க" என்றேன்.

"நீ நல்லா இருப்பே, தாயே" என்றார்.

அதனால்தான் அவர் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தனியாளாகக் கம்பத்தைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் பத்து மணிக்கு நான் அந்த ஒரு மணியையும் அடிக்கவில்லை. அடித்தால், நிறுத்தியாச்சு என்றாயே என்று அவர் கேட்டிருப்பார். கையைக் கைப்பிடியின் மேல் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். வாக்கிடாக்கியில் தொடங்குமிடத்து ஆள் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணியது எனக்கு நன்றாகக் கேட்டது. அவள் கொல்லப்படக்கூடும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். வலை இல்லாத வளைவு என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் பால்காரருக்கும் தெரியும். தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

லொய்சேக்கு இதை நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் சூப்பை வேண்டாம் என்பார்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டாம் பக்கத்தில் உங்கள் தட்டச்சுக்காரர் ஐம்பத்தெட்டை எண்பத்தைந்து என்று அடித்துவிட்டு மேலே குறுக்குக் கோடு போட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக அடித்துத் தரச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன். மத்தியானப் பேருந்துக்கு இனி நான் போகப் போவதில்லை அல்லவா, நேரம் இருக்கிறது.

அன்று காலை மூவரும் கையெழுத்திட்ட அந்த முதல் தாளையும் கொண்டுவந்திருக்கிறேன். உறைக்குள் வைத்திருந்ததால் ஓரம்கூட மடங்கவில்லை. இதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் பிழை ஒன்றும் கிடையாது. அன்றைக்குப் பந்தயம்தான் இதன்படி நடக்கவில்லை.