தண்டல் வாய் திறக்காத காலை

சுங்கைப் பட்டாணி பஸ்ஸில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் தண்டல் தன் மனைவியிடம் கத்தினார்.

"இன்னிக்குக் காலையில ஆளுங்கள நிக்கவச்சு வேல பிரிக்கிற பெரட்டுல நான் வாயே திறக்கல புள்ள!"

"ஏன், காய்ச்சலா?"

"இல்லலா! யாரு எந்த மர நிரையில பால் வெட்டுறதுன்னு நீங்களே பேசிக்குங்கன்னுட்டேன். மேட்டு நிரைய யாரு தலையில கட்டுறதுன்னு தினம் சண்டைதானே? இன்னிக்கு எளவட்டமெல்லாம் தானா மேட்டுக்கு ஏறிருச்சி! வயசான பொம்பளைங்களுக்குப் பள்ளத்த விட்டுட்டாங்க. வேலையும் வெள்ளனவே முடிஞ்சிருச்சி!"

"அப்ப இப்பப் போற சீலைக் கடையிலயும் வாயத் திறக்காதீங்க. வருசா வருசம் தீபாவளிக்கு நீங்க எடுக்கிற பச்சையையே கட்டி அலுத்துப் போச்சு. நான் கேட்டா மட்டும் சொல்லுங்க."

பக்கத்து இருக்கைகளெல்லாம் சிரித்தன.

"சரி, நீயே எடு. ஆனா அந்தக் கிளிப்பச்ச…" என்று தொடங்கியவர், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.